ஸ்டோர்ஸ் சார் டிராக்டருக்கு எத்தனை வோல்ட்?

இன்று காலையில் ஒரு பழைய ஜீப்பில், டைனமோ கரண்டைப் பாட்டரிக்கு விடுகிற கட்டவுட் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பேக்கலைட் பிளாஸ்டிக் கருகிக் கிடந்தது. அந்த வாசனை கடை முழுக்கப் பரவிவிட்டது. உனக்கு அது ஆகாது. "எவன் பாத்த வேலையோ" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு வெளியே போய் நிற்பாய். இன்றைக்கு நான் போய் நின்றேன். நேற்றுச் செம்பூரில் நடந்ததை உனக்கு எழுதிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். இருபத்தைந்து வருடம் ஒரே கடையில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து வண்டி வயரிங் பார்த்தோம், ஒரு துண்டுச் சீட்டுக்கூட எழுதிக்கொண்டதில்லை. நீ போய் ஒரு வருடம் கழித்து எழுதுகிறேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்.

ஸ்டோர்ஸ் சாரை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. பூர்வீகம் பாலக்காடு, பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா, இப்போது செம்பூரில் ஒரு அடுக்குமாடிச் சொசைட்டியில் கீழ்வீடு. ஒரு ஃபேக்டரியில் முப்பது வருடம் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தவர். டிரம் ஏற்றிய டிராலியை இழுத்துக்கொண்டு தினமும் அவர் ஜன்னலைத் தாண்டிப் போன டிராக்டரை, ஃபேக்டரியை மூடியபோது ஏலத்தில் எடுத்து, சொசைட்டி பார்க்கிங்கில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவார், அவ்வளவுதான். அதற்கு வாரம் முழுக்கத் துடைப்பார். "மண்ணையே பாக்காத டிராக்டருல" என்று நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் நம்மைத் தேடித் தாராவிக் கடைக்கு வந்தது தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு. ஹேண்டில் போட்டுச் சுற்ற முடியவில்லை. செல்ஃப் பட்டனை அழுத்தினால் முனகிவிட்டு நின்றுவிடுகிறது. போதாததற்குச் சொசைட்டியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஓடாத வண்டிக்குப் பார்க்கிங் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட்டிக் காட்டாவிட்டால் எடுத்துவிட வேண்டும். பழைய இரும்புக்காரன் ஒருத்தன் வந்து தட்டிப் பார்த்துவிட்டே போயிருந்தான்.

"நேக்கு ஒரே ஒரு ஆசைதான். என் விரலால அமுக்கினா அது கிளம்பணும். அதுக்கு ஆறு வோல்ட் இருக்கட்டுமா, பன்னெண்டா மாத்தணுமான்னு நீங்க ரெண்டு பேரும் கலந்து சொல்லுங்கோ" என்றார்.

கலந்து சொல்வது மட்டும்தான் நடக்கவில்லை. நான் பன்னிரண்டு என்றேன். பாட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும், செல்ஃப் வேகமாகச் சுற்றும், காயிலையும் பல்பையும் மாற்றினால் வேலை தீர்ந்தது. நீ ஒரே பிடியாக ஆறில் நின்றாய். "ஏல, அது ஆறுலயே பொறந்து ஆறுலயே ஓடுன வண்டி. இப்ப ஏன் மொனங்குதுன்னு பாக்காம, பன்னெண்டக் குடுத்து அடிச்சு எழுப்பப் பாக்கியே. மூட்டு வலிக்கிற கெழவனுக்குச் சாராயத்த ஊத்தி ஓட விடுவியா?" உனக்குப் பிடிவாதம் என்றேன். எனக்கு அவசரப்புத்தி என்றாய். அதோடு பேச்சு நின்றது. இரண்டு நாள் டீக்காரனை நடுவில் வைத்துத்தான் ஸ்பேனர் கேட்டுக்கொண்டோம். நீங்கள் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியா என்று அவன் இந்தியில் கேட்டதற்கு நீ மட்டும் சிரித்தாய்.

வியாழக்கிழமை நீ ஆறு வோல்ட் பாட்டரி தேடிப் பாண்டுப்புக்குப் போயிருந்தாய். நான் ஒரு கார் பாட்டரியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு செம்பூர் போனேன். சார், பென்ஷனுக்காக உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் கொடுக்க பேங்குக்குப் போயிருந்தார். யாரும் இல்லாதது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. பன்னிரண்டில் ஓட்டிக் காட்டி உன் வாயை அடைக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பு.

இந்த ஊரில் இன்றைக்கு ஓடுகிற எந்த வண்டியிலும் மைனஸ்தான் பாடிக்குப் போகிறது. என் கையும் பழக்கத்தில் மைனஸைக் கொண்டுபோய்ப் பாடியில் முறுக்கிவிட்டது. அந்த டிராக்டரில் பாடிக்குப் போக வேண்டியது பிளஸ். பழைய பாட்டரி அப்படி இருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் கழற்றினேன், புத்தியில் ஏறவில்லை. பட்டனை அழுத்தினேன். முதல் சுற்றிலேயே கிளம்பிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நிமிடம் ஆகியிருக்காது, கட்டவுட் பெட்டியிலிருந்து புகை வந்தது. அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். டைனமோவும் பாட்டரியும் மோதிக்கொண்டதில் உள்ளே பாயிண்டெல்லாம் உருகி ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் கேவலம். பழைய பாட்டரியை இருந்தபடியே மாட்டினேன், கரியைத் துடைத்தேன், பெட்டியை மூடினேன். சாயங்காலம் உன்னிடம், "செம்பூர் பக்கம் போனேன், அந்தக் கட்டவுட் ஏற்கனவே கருகிப்போய்த்தான் கிடக்கு" என்றேன். இரண்டு நாள் கழித்து உன்னோடு பேசிய முதல் பேச்சே பொய். "அப்படியா" என்றாய். மறுநாள் நீ போய்ப் பெட்டியைத் திறந்தாய், உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாய், "வேற ஒண்ணு குர்லாவுல கெடைக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாய்.

முனகலுக்குக் காரணத்தையும் நீதான் கண்டுபிடித்தாய். பாட்டரியிலிருந்து செல்ஃபுக்கு எவனோ முன்னால் கார் கேபிளைப் போட்டு வைத்திருந்தான். ஆறு வோல்ட்டில் கரண்ட் இரண்டு மடங்கு போக வேண்டும், அந்த மெலிந்த கேபிளில் பாதி வழியிலேயே தீர்ந்துபோனது. நம் பக்கத்து கிரில் கடையில் வெல்டிங் கேபிள் இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு வந்தாய். கட்டைவிரல் தடிமன் இருந்தது. பாடியில் இருந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, செம்பு மாதிரி மின்னும் வரைக்கும் தேய்த்தாய்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர்கள் எல்லோரும் கீழே இறங்கி வந்து நின்றார்கள். சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். பெரிய மனுஷன் படியேறுவதுபோல நிதானமாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிடித்துக்கொண்டது. செக்ரட்டரி "டீக் ஹை, ரஹனே தோ", சரி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். யார் சரிபண்ணினது என்று சார் கேட்டார். நீ என் முதுகில் தட்டி, "இவந்தான் சார்" என்றாய். நான் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நீ கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டல் இட்லி வேண்டும் என்று கேட்ட அன்றைக்குக்கூட, வழியெல்லாம் மனதில் பாடம் பண்ணிக்கொண்டுதான் வந்தேன். நீ இரண்டு இட்லி சாப்பிட்டாய். சட்னி ஆறிவிட்டது என்று குறை சொன்னாய். சரி, இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அந்த இன்னொரு நாள் கிடைக்கவில்லை.

நேற்று சார் கூப்பிட்டிருந்தார். ஆறு வோல்ட் பாட்டரி செத்துவிட்டது, பாண்டுப் கடைக்காரரும் இப்போது அதை வைப்பதில்லை. "இந்தத் தடவை நீங்க ஒருத்தர்தான் சொல்லணும். ஆறா, பன்னெண்டா? போன தடவை சரிபண்ணினதும் நீங்கதானே" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. டிராக்டர் பக்கத்தில் வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மைனஸ், புகை, துடைத்த கரி, உன்னிடம் சொன்ன பொய்.

அவர் பானெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்பாடா" என்றார். "உங்க சிநேகிதர் அன்னிக்கே சொல்லிட்டார். பெட்டியைத் தொறந்ததும் கரி புதுசுன்னு தெரிஞ்சுடுத்தாம். 'அவன் ஒருநாள் அவன் வாயாலயே சொல்லுவான் சார், அதுவரைக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கப்டாது'ன்னு சத்தியம் வாங்கிண்டார். மூணு வருஷமா வாயை மூடிண்டிருக்கேன். கஷ்டமான காரியமாக்கும்."

நான் டிராக்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாயே. எத்தனை சண்டை போட்டோம். உன் கணக்கு தப்பு, உன் சால்டரிங் தப்பு என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். நீ சொல்லவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, உன்னைப்போல ஒருத்தன் எனக்கு வாய்த்தானே என்று சந்தோஷமாக இருந்தது. சார் உள்ளே போய் காபி கொண்டுவந்து கொடுத்தார்.

"இன்னொண்ணும் சொன்னார்" என்றார். "'அவன் சொன்னதுக்கப்புறம், ஆறோ பன்னெண்டோ, அவன் சொல்றதைக் கண்ணை மூடிண்டு போட்டுக்கலாம் சார்'ன்னார்."

காபியைக் குடித்துவிட்டு மீட்டரை எடுத்தேன். உன் கேபிள் அப்படியே இருக்கிறது, எர்த்தும் சுத்தம். ஆனால் டைனமோ ஓய்ந்துவிட்டது, அதை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். ஆறு வோல்ட் பாட்டரிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு எத்தனை நாள் காத்திருக்க வேண்டுமோ. சாருக்கு எழுபத்தைந்து ஆகிறது, ஞாயிற்றுக்கிழமைகளை அப்படி வீணாக்க முடியாது. பழைய சாமான்களை ஒரு துணியில் சுற்றிப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன், திரும்ப மாற்ற வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

பன்னிரண்டு என்று சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். சாகிற வரைக்கும் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாய் அல்லவா, அதற்கு இது சரியாய்ப் போயிற்று.