மலை ஏறக் கூடாத வருஷத்தில்

இன்று காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சின்னவன் வாசற்படியில் வந்து நின்றான். மேலே ஒரு பனியன், கீழே ஒன்றுமில்லை, காலில் மட்டும் முழங்கால் வரை அந்த ஃபர் வைத்த பூட்ஸ். "அப்பா, இப்ப கரெக்டா இருக்கு. ஊட்டிக்குப் போலாமா?" என்றான். குனிந்து, கட்டைவிரல் எங்கே முட்டுகிறது என்று அழுத்திப் பார்த்தேன். ஷூ கம்பெனித் தொழில் புத்தி. பூட்ஸுக்குள்ளிருந்து பசையும் ஃபரும் கலந்த அந்த வாடை வந்தது. ஸ்டிச்சிங் செக்‌ஷனில் இருந்து நீ வீட்டுக்கு வரும்போது உன் கூடவே வருமே, அதே வாடை. தலைமுடியில் வெள்ளை வெள்ளையாக ஃபர் ஒட்டியிருக்கும். "கெழவியாயிட்டேன் பாருங்க" என்று குனிந்து காட்டுவாய். சொன்னதையெல்லாம் செய்கிற நீ அதை மட்டும் செய்யாமல் போய்விட்டாய்.

உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை எழுதினேன். நீ அதில் ஏழு பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினாய். நீ பிளஸ் டூ. நான் பத்தாவதைத் தாண்டிக் குதித்ததில் முழங்கால் சிராய்த்தவன். இதையும் திருத்திக்கொள். ஆனால் போன மார்கழியில் நடந்ததை என் வாயால் நீ கேட்டாக வேண்டும். உன் அக்கா தன் கட்சியை உன் படத்துக்கு முன்னால் நின்று எப்போதோ சொல்லியிருப்பாள்.

ஆடி மாதம், மூன்றே நாள் காய்ச்சலில் நீ போனாய். கார்த்திகைக் கடைசியில் குடியாத்தத்திலிருந்து உன் அக்கா வந்தாள். அடுப்பில் பால் பொங்கிக் கருகிய பாத்திரத்தைப் பார்த்தாள். பெரியவளுக்கு நான் போட்டிருந்த பின்னலைப் பார்த்தாள். ரிப்பன் கிடைக்காமல் ஷூ லேஸால் கட்டியிருந்தேன், முடிச்சு என்னவோ பிரமாதம். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, நான் சுத்தி வளைச்சுப் பேசல. சின்னவன எங்கிட்ட குடுத்துடு. தை பொறந்ததும் அங்கயே ஸ்கூல்ல சேத்துடுறேன். பெரியவ தர்ஷினி வெவரமான பொண்ணு, அவ உங்கூட இருந்துப்பா. ஒத்த ஆம்பள, ஷிஃப்டுக்குப் போறவன், ரெண்டு புள்ளைங்கள இன்னான்னு பாத்துப்ப நீ?"

உன் அக்கா நல்லவள். அதுதான் பேஜார். கெட்டவளாக இருந்தால் சத்தம் போட்டு அனுப்பியிருக்கலாம். அவள் கேட்டதில் நியாயமும் இருந்தது. "உங்கள நம்பி ஒரு பால அடுப்புல வைக்க முடியுதா?" என்று கேட்டவள் நீதானே. என் வாய் தானாக ஒரு வேலை செய்தது.

"அரையாண்டு லீவுல ரெண்டு பேரையும் ஊட்டிக்கு இட்டுனு போறேங்க்கா. நான் மட்டும். ஒரு கீறல் இல்லாம திரும்ப இட்டுனு வந்துட்டேன்னா இந்தப் பேச்ச விட்டுடணும்."

"கீறல் இருந்தா?"

"இருந்தா நீங்க சொல்றபடி."

நாலு வயதுப் பையனை வைத்து எந்த முட்டாளாவது கீறலில் பந்தயம் கட்டுவானா? பினிஷிங் செக்‌ஷனில் இருபது வருஷம் இருப்பவன் கட்டுவான். கீறல் இருந்தால் ரிஜெக்ட், சிவப்பு ஸ்டிக்கர். நாளெல்லாம் அதையே சொல்லிப் பழகிய வாய் வேறு எதைச் சொல்லும்?

உன் அக்காவுக்கு அடுத்ததாகத்தான் ஊட்டி என்ற சொல் காதில் விழுந்தது. "ஊட்டியா? வருஷம் திரும்பல. மலை ஏறக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"ஏறினா இன்னா ஆவும்?"

"குடும்பத்துக்கு ஏதாவது ஆவும்."

"ஆனது பத்தலயாக்கா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனாலும் பேசியதை இன்றுவரை வாபஸ் வாங்கவில்லை.

நீயே இருந்திருந்தாலும் போக விட்டிருக்க மாட்டாய். வெள்ளிக்கிழமை நகம் வெட்டினாலே ஒரு வாரம் முறைப்பவள் நீ. ஆனால் ஊட்டியைக் கேட்டதும் நீதான். புல்மேல் பனி உறைந்து வெள்ளையாகக் கிடப்பதை டிவியில் பார்த்துவிட்டு, "நாம தைக்கிற பூட்ஸ எவன் மாட்டினு எதுமேல நடக்குறான்னு ஒரு தடவ பாத்துடணுங்க" என்றாய். பக்கத்தில்தானே ஏலகிரி என்றேன். "அது டூரா? மொட்டமாடி" என்றாய். மூன்று மார்கழி நான் தள்ளிப்போட்டேன். நாலாவது மார்கழிக்கு நீ இல்லை. இதில் சாஸ்திரத்தின் பேச்சைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

நம் தெரு பஷீர் பாய் தன் வேனைக் கொடுத்தார். "ஓட்டினு போ தோஸ்த். பிரேக்கு, டயர் எல்லாம் புதுசு. ஹாரன் மட்டும் அடிக்காத, அடிச்சா நிக்காது" என்றார். பசங்களுக்கு, கம்பெனி கழித்த சரக்கை விற்கும் ரிஜெக்ட் கடையில் இரண்டு ஜோடி ஃபர் பூட்ஸ் எடுத்தேன். உங்கள் லைனில் தைத்ததுதான், உள்தையலைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். பெரியவளுக்குக் கச்சிதம், சின்னவனுக்கு இரண்டு சைஸ் பெரிது, அதனால் முன்னால் துணி அடைத்தேன். குளிர் காலில்தான் ஏறும் என்று எங்கள் கம்பெனியில் எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கையில் நான் பேக் செய்தவை: பூட்ஸ், சாக்ஸ் எட்டு ஜோடி, பிஸ்கட், உன் அக்கா வீட்டுத் தறியில் நெய்த லுங்கி நான்கு. ஸ்வெட்டர் என்று உலகத்தில் ஒன்று இருப்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

விடிந்ததும் கிளம்பினோம். வாணியம்பாடி தாண்டுவதற்குள் சின்னவன் "ஊட்டி வந்துடுச்சா?" என்று ஆரம்பித்தான். கிருஷ்ணகிரியில் ஒன்றுக்கு. தர்மபுரியில் ஒன்றுக்கு. தொப்பூர் இறக்கத்தில் பெரியவள் வாந்தி எடுத்தாள். எடுத்த கையோடு, "அப்பா, லாரிக்குப் பின்னாடியே போ, முந்தாத" என்று உன் குரலில் அதட்டினாள். சேலத்தில் ஒருமுறை ஹாரனில் கை பட்டுவிட்டது. பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அலறிக்கொண்டே போனோம். ஊரே திரும்பிப் பார்த்தது. சின்னவன் ஜன்னலில் எம்.எல்.ஏ. மாதிரி கையசைத்தான். இருட்டும்போது மேட்டுப்பாளையம் சேர்ந்து, ஒரு லாட்ஜில் மூன்று பேரும் ஒரே கட்டிலில் குறுக்கே படுத்தோம்.

மறுநாள் காலை மலை ஏறும் இடத்தில் சோதனைச் சாவடி. இப்போதெல்லாம் நீலகிரிக்குப் போக இ-பாஸ் வேண்டும். அதை நான் வீட்டிலேயே போனில் எடுத்து வைத்திருந்தேன், அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. பாஸைப் பார்த்தவர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாலு பேருன்னு போட்டிருக்கீங்க. மூணு பேருதானுங்க இருக்கீங்க? இன்னொருத்தர் எங்கீங்க?"

அவர் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தேன். நான்கு என்றுதான் இருந்தது. நானேதான் அழுத்தியிருக்கிறேன். தட்டு வைத்தாலும் டிக்கெட் எடுத்தாலும் என் கைக்குத் தெரிந்த எண் அதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து சின்னவன் தலையை நீட்டினான்.

"அம்மா செத்துட்டாங்க அங்கிள். அப்பாவுக்கு மறந்துபோச்சு."

அவர் போனை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "போயிட்டு வாங்க சார். வளைவுல பாத்துப் போங்க" என்றார்.

முதல் வளைவு தாண்டி, ஓரத்தில் இடம் பார்த்து வண்டியை நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன். குரங்கு ஒன்று வந்து வைப்பரை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனது.

"நானும் ஸ்கூல்ல 'என் குடும்பம்' எழுதச் சொன்னப்போ நாலுன்னுதாம்பா எழுதினேன்," என்றாள் பெரியவள். "மிஸ்ஸு தப்பு போடல."

"அம்மா சீட்டு சும்மாதான கீது. நான் உக்காந்துக்கட்டுமா?" என்றான் சின்னவன்.

"சின்னப் பசங்க முன்னாடி உக்காரக் கூடாது."

"அப்போ பிஸ்கட்ட அங்க வெச்சிடு. எனக்குக் கால் இடிக்குது."

உன் இடத்தில் பிஸ்கட் பையை வைத்தேன். கோபித்துக்கொள்ளாதே. நீ போனதைப் பிள்ளைகள் ஐந்து மாதத்தில் படித்து முடித்திருந்தார்கள். நான்தான் முதல் பாடத்திலேயே ஃபெயிலாகி உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் எனக்கு ஒன்று தெளிந்தது. நாலு மூன்றானதில் என் கை இல்லை. மூன்று இரண்டானால் அது என் கை. எவ்வளவு நியாயம் பேசினாலும், எத்தனை பேர் என் நல்லதுக்கென்று சொன்னாலும், அதை நான் செய்வதாக இல்லை.

குன்னூர் தாண்டியதும் காலைத் தவிர மற்ற எல்லாம் குளிர்ந்தது. பெரியவளின் பல் தந்தியடித்தது. லுங்கிகளை எடுத்து ஆளுக்கொன்றாகப் போர்த்தி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டேன். கீழே வெளிநாட்டுக்குப் போகிற பூட்ஸ், மேலே குடியாத்தம் கட்டம் போட்ட லுங்கி. ஊட்டியில் டீக்கடைக்காரம்மா பார்த்துவிட்டு, "எந்த ஊருப்பா நீங்க?" என்று கேட்டார். ஆம்பூர் என்றதும், "அங்க ஸ்வெட்டரே விக்க மாட்டாங்களா?" என்றார். விற்க மாட்டார்கள்தான், எங்கள் ஊரில் வெயில் காலமும் கடும் வெயில் காலமும்தானே. அவர் கைகாட்டிய கடையில் மூன்று ஸ்வெட்டர் வாங்கினேன். சின்னவன் லுங்கியை அவிழ்க்க விடவில்லை. அதற்கு மேலேயே ஸ்வெட்டரை மாட்டினேன். மூட்டை மாதிரி இருந்தான்.

அடுத்த நாள் விடியலில் ஊருக்கு வெளியே ஒரு புல்வெளிக்குப் போனோம். நீ டிவியில் பார்த்தது அப்படியே கிடந்தது, கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை.

"அப்பா, உப்பு!" என்று கத்தினான் சின்னவன். "யாருப்பா இவ்ளோ உப்பு கொட்னாங்க? தோலுக்கு உப்பு போடுற ஷெட்டு மாதிரியே கீது. நாத்தந்தான் இல்ல."

"லூசு, அது பனிடா," என்றாள் பெரியவள். அவள் பூட்ஸ் காலை மெதுவாக எடுத்து வைத்தாள். புல் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இன்னொரு அடி. இன்னொன்று. பத்தடி நடந்து போய் நின்று, குனிந்து, பூட்ஸுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். "தண்ணி ஏறவே இல்லப்பா. அம்மா தச்சது பாஸ்" என்றாள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். எவன் மாட்டினு எதுமேல் நடக்கிறான் என்றாயே. உன் பெண் மாட்டிக்கொண்டு நடந்தாள். உறைபனிமேல் நடந்தாள். வருஷம் திரும்ப இன்னும் ஏழு மாதம் இருக்கும்போது, மலை உச்சியில் நடந்தாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

சின்னவன்தான் விழுந்தான். இரண்டு சைஸ் பெரிய பூட்ஸ், காலில் சிக்கும் லுங்கி, வழுக்கும் புல். அக்காவைப் பிடிக்க ஓடி, முகம் குப்புறப் போய் ஒரு கல்லில் தாடையை அடித்துக்கொண்டான். நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் வெள்ளைப் புல்லில் நாலைந்து சொட்டு ரத்தம். பெரிய காயமில்லை. ஒரு பிளாஸ்திரியில் அடங்கியது. ஆனால் கீறல் கீறல்தானே. இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அது முதல் பார்வையிலேயே ரிஜெக்ட்.

ஆம்பூர் திரும்பிய மறுநாள் காலை எட்டு மணிக்கே உன் அக்கா வந்து நின்றாள். சின்னவனுக்கு மூக்கு வேறு ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"இன்னாடா கண்ணு இது?"

"விழுந்துட்டேன் பெரிம்மா. ரத்தம் வந்துச்சு. நான் அழவே இல்ல. அப்பாதான் அழுதாரு."

உன் அக்கா என்னைப் பார்த்தாள். "சொன்னது ஞாபகம் இருக்கா தம்பி?"

"இருக்குதுக்கா. தோத்துட்டேன்."

"அப்போ துணிமணி எடுத்து வை."

"மாட்டேன்."

"வாக்கு குடுத்தியே!"

"குடுத்தேன். குடுக்கக் கூடாத வாக்கு. வாக்கு தவறினவன்னு சொல்லிக்கோங்க. குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுல போர்டு வெச்சாலும் சரி. உங்க லுங்கிதாங்க்கா குளிருக்குக் காப்பாத்துச்சு, அத இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா புள்ள இங்கதான் இருப்பான். விழுந்தா நான் தூக்கிப்பேன்."

அவள் கொண்டு வந்த முறுக்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்தாள். சின்னவன் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்தாள். அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். இரண்டு மாதம் போன் இல்லை. உன் முதல் திதிக்கு வந்தபோது சின்னவன் தாடைத் தழும்பை விரலால் ஒருமுறை தடவிவிட்டுச் சமையலறைக்குள் போய் வேலையைப் பார்த்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள், பிள்ளைகளோடு. என்னிடம் "சாப்ட்டாங்களா?" என்பதோடு சரி. எனக்கு அது போதும்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று. அந்தக் காலை வரை நான் யாரிடமும் மாட்டேன் என்று சொன்னவனில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமா, சரி. உன் பெரியப்பா மகன் ஒரு வாரத்துக்கென்று வாங்கிப்போன பைக்கை எட்டு மாதம் வைத்திருந்தானே, அதற்கும் சரி. நீ தலையில் அடித்துக்கொள்வாய். அந்த ஒரு வார்த்தை முப்பத்தொன்பது வயதில், நீ பார்க்க இல்லாத நேரத்தில் வந்து சேர்ந்தது. வந்ததை நான் விடவில்லை. ஞாயிறு ஓவர்டைமுக்கு இப்போது மாட்டேன். வேறு பெண் பார்க்கட்டுமா என்று வரும் சித்தப்பாவுக்கு மாட்டேன். "பொண்ண சமையலுக்குப் பழக்குப்பா, இனிமே அவதான வீட்டுக்குப் பொம்பள" என்கிற பக்கத்து வீட்டம்மாவிடம், அவளுக்கு ஒன்பது வயதுதான், பழக்க மாட்டேன், நான் பழகிக்கொள்கிறேன் என்றேன். ஒவ்வொரு முறையும் குரல் நடுங்கத்தான் செய்கிறது. நடுங்கினால் நடுங்கட்டும். சொல்லிவிடுகிறேன்.