தொட்டால் மூடும் சிப்பி

கியா ஓரா அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலமே.

ராஹுய் தடையால் இங்கே மூன்று வருடமாக யாரும் விசிறிச் சிப்பி எடுப்பதில்லை. தடையை நீக்கலாமா என்று அறிய நான் கடலில் மூழ்கி எண்ணினேன். நானூறு என்றதும் ஊரே மகிழ்ந்தது.

உடன் மூழ்கும் தமாத்தி நேற்று கேட்டான்: “தொட்டுப் பாத்தியா மகாராணி, இல்ல தூரத்துலேர்ந்தே தலையெண்ணினியா?”

இன்று தொட்டேன். உயிருள்ள சிப்பி தொட்டால் மூடும்; பெரும்பாலானவை மூடவில்லை, உள்ளே வெறும் சேறு. நாளைய ஊர்க்கூட்டத்தில் நான் இதைச் சொல்லாவிட்டால் தடையை நீக்கிவிடுவார்கள், படகுகள் மிச்சத்தையும் அள்ளிவிடும். எழுந்து நிற்கவே பயமாக இருக்கிறது.

தெற்கே நம் வீட்டருகே உள்ள குடாவிலும் இதே சிப்பிதான். என் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். வலித்தாலும் ஒருமுறை இறங்கித் தொட்டுப் பாருங்கள் அப்பா. ஒன்றாவது உங்கள் விரலைக் கவ்வினால் உடனே எழுதுங்கள்.

அவசரமாக,
நைரி