திறக்காத பிடி

சிட்லபாக்கம்
16.8.2025

விடுதிவாசி குணா மச்சானுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்று காலை முதல் உமேஷுக்கு மீசை இருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவில் வரைந்தது. தேய்த்தும் போகவில்லை. உன் விடுதியில் போனுக்குத் தடை என்பதால் இந்த மாபெரும் செய்தி தபாலில் வருகிறது.

காலனி சுதந்திர தினத்துக்கு நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன வேதாரண்யம் நாடகம் அமோகம்! சத்தியாகிரகிகள் கையில் உப்பை இறுக்கிக்கொண்டு வரிசையாக உட்கார, அந்தப் பிடியைப் பிரிக்க வரும் கான்ஸ்டபிள் நான். உப்புக்குச் சப்பாணி வேடம் என்றுதானே நினைத்தாய்? லத்தியைத் தூக்கிப் போட்டேன். ஒவ்வொருவர் அக்குளிலும் கிச்சுகிச்சு மூட்டினேன். அத்தனை பிடியும் திறந்தது! நாடகத்தை நடத்திய சின்மயியே, "டேய், உன்னைக் கொல்லப் போறேன்" என்று சிரித்தபடி உப்பைக் கொட்டினாள்.

வரிசைக் கடைசியில், உன் இடத்தில் இருந்த பையன் பிடியையும் திறந்தேன். அப்புறம் கான்ஸ்டபிளே மனம் மாறி அவன் பக்கத்தில் உட்காருவதாக என் சொந்தச் சரக்கு ஒன்று. முன்வரிசையில் இருந்த நம் காலனி சாம்பசிவன் சார் எழுந்து நின்று கைதட்டினார்.

மீசைக்கார,
உமேஷ்


விடுதி
21.8.2025

உமேஷ்,

கிளம்பும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். இதுல மட்டும் விளையாடாதேன்னு. அடிச்சாலும் ஒரு பிடிகூடத் திறக்கக் கூடாது, அதான் நாடகமே. உனக்கு இன்னா, சிரிப்பு. எனக்கு ராத்திரி சோறு இறங்கல.

என் இடத்துல எந்தப் பையன்? அதைக் காலியா விடச் சொல்லியிருந்தேன். யாரையும் உட்கார வைக்கலைன்னு சின்மயி எழுதியிருக்கா. நிஜத்தைச் சொல்லு. இதுலயும் கதை விட்டா, இனிமே எனக்கு லெட்டர் போடாதே.

குணா


சிட்லபாக்கம்
26.8.2025

குணா,

சத்தியமாக ஒரு பையன் இருந்தான். ஆனால் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். வரிசை முடிகிற இடத்தில், நான் குனிந்து வெறும் காற்றுக்குக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவன் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. விரல்கள் வீங்கி, வெகுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல ஜில்லென்று இருந்தன. கிச்சுகிச்சு பலிக்காமல் இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. என் கையைப் பார்த்து, "வலிக்குதுங்களா?" என்று கேட்டான்.

சின்மயி எல்லோருக்கும் கொடுத்தது கடையில் வாங்கிய தூளுப்பு. இவன் விரலிடுக்கில், உப்பளத்தில் அள்ளியதுபோல, சேறு அப்பிய கல்லுப்பு.

உன் நாடகத்தில் ஒரு பிடி திறக்கவில்லைடா. என்னால் முடியவில்லை. நான் கெடுத்ததுக்கு மன்னித்துவிடு.

இன்னொன்று. மனமாற்றம், சொந்தச் சரக்கு எல்லாம் புளுகு. பயத்தில் அவன் பக்கத்தில் அப்படியே பொத்தென்று விழுந்தேன். கைதட்டினது அதற்குத்தான். சின்மயியிடம் மட்டும் சொல்லிவிடாதே.

மீசை அழிந்துபோன,
உமேஷ்