கயிற்றில் தொங்கும் லைட்டர்

அப்போண்டி,

நகரசபையில் உனக்குக் கை தட்டினார்களாமே. நீ கொண்டுவந்தபடியே இ-சிகரெட்டுக்கு ஒரேயடியாகத் தடை! பழ வாசனை காட்டிப் பிள்ளைகளுக்கு விற்பவனைப் பிடி, வயசு கேட்காத கடையைப் பூட்டு, சிகரெட்டை விடப் பார்க்கிற பெரியவர்களை விட்டுவிடு என்று உன் சமையலறையிலேயே நின்று சொன்னேன்.

"விஷத்துல என்ன அண்ணி நல்ல விஷம், கெட்ட விஷம்? நீங்க உகாலிக் களியக் கிண்டுங்க" என்றாய். கிண்டினேன்.

உன் அண்ணன் சிகரெட்டை விட்டது அந்த இ-சிகரெட்டால்தான். இருமல் அடங்கி, ஏரிக்கரை வரைக்கும் நடந்து போய் மீன் வாங்கி வந்தார். உனக்குத் தெரியாததா?

நேற்று அவரைப் பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் பார்த்தேன். உன் தடை தொடாத சிகரெட்டை அங்கே ஒவ்வொன்றாக விற்கிறார்கள். கயிற்றில் தொங்கும் லைட்டருக்குக் குனிந்து பற்றவைத்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போய், "தங்கச்சிகிட்ட சொல்லிடாதம்மா" என்றார்.

அவருக்காக இதை எழுதவில்லை. அவர் விட்ட லைட்டர் ஆடி நிற்பதற்குள் சீருடை போட்ட ஒரு பெண் அதை எட்டிப் பிடித்தாள். கடைக்காரர் வயசு கேட்கவில்லை. நீ காப்பாற்றிய பிள்ளைகளில் ஒருத்தி.

உன் அண்ணி