வயலட் அடித்த தெரு

இன்று காலை என் மேசைக்கு ஓர் அம்மோனியா பிரிண்ட் சுருள் வந்தது, வரைபட நகல். பிரித்ததும் கண் எரிந்தது. உங்கள் தெரு வாய்க்காலின் நெடியும் ஏறக்குறைய இதுதான். அதனால் உனக்கு எழுதுகிறேன். நீ போய் இது ஏழாவது வருடம்.

சுருளில் இருப்பது அம்பத்தூர். வெறும் கோடுகள். வண்ணத்தை நான்தான் கையால் தீட்ட வேண்டும். வீடுகளுக்கு மஞ்சள். கம்பெனிகளுக்கு வயலட். கம்பெனிகளின் பின்மதிலை ஒட்டி விரலகலத்தில் ஒரு துண்டு நிலம். அதில்தான் நீ இருந்தாய்.

ஆவடிப் பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. நான் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து வருவேன், நீ ரயிலில் வருவாய். பிறகு நான் நகரமைப்பு படிக்கப் போனேன். நீ பேக்கிங் வேலைக்குப் போனாய்.

வேலையில் சேர்ந்த புதிதில் உங்கள் தெருவை அளக்க வந்தேன். அடிபம்பில் வாளியைப் பிடித்து, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டாய்.

"மஞ்சளாவே நின்னா எடுப்போம். செவந்துச்சுன்னா, கம்பெனி உள்ள காஸ்டிக் சோடாத் தொட்டிய கழுவி உட்டுகீறான்னு அர்த்தம். உங்க காலேஜ்ல இத சொல்லிக் குடுத்தாங்களாடி?"

இல்லை என்றேன். நீர் மெல்லச் சிவந்தது. வாளியைக் கவிழ்த்துவிட்டு அடுத்த பம்புக்குப் போனாய். அங்கே சிவக்கவில்லை. குடத்தை வைத்தாய். மஞ்சளுக்குத் தெரியாத விஷங்களும் உண்டு. எனக்கு அது தெரியும். அன்று சொல்லவில்லை.

வேறொன்றைச் சொன்னேன். வரைபடத்தில் வீடுகள் என்று காட்டிவிட்டால் கழிவு வாய்க்காலைத் திருப்பச் சொல்லிக் கேட்கலாம், குழாய்த் தண்ணீர் கேட்கலாம் என்று.

"அவ்ளோதானா? அப்ப எங்களுக்கு மஞ்ச அடிச்சிடு."

அலுவலகத்தில் மேலதிகாரி கேட்டார்: "பட்டா இருக்கா?"

"ஏரிப் புறம்போக்கு சார். ஆனா முப்பத்தொன்பது வீடு இருக்கு."

"பட்டா இல்லன்னா வீடு இல்லம்மா. சுத்தி என்ன இருக்கோ அதையே அடிங்க."

அடித்தேன். தூரிகையின் ஒரே இழுப்பு. காய்வதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன்.

ஆட்சேபம் தெரிவிக்கத் தவணை இருக்கிறதே என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். உங்கள் தெரு வயலட்டாக இருக்கிறது, ஆட்சேபிக்கலாம் என்று உன்னிடமும் சொன்னேன். வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி மனு அனுப்பினாய். சில மாதங்களில் பதில் வந்தது. வாசலில் நின்று எனக்குப் படித்துக் காட்டினாய். 'வரைபடத்தின்படி மேற்படி இடத்தில் குடியிருப்புகள் ஏதும் இல்லை.'

அந்தக் கடிதத்தைத் தபால்காரர் உன் வாசலில்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"அப்ப நாங்கல்லாம் இன்னா, பேயா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "பேய்க்கு எதுக்குக்கா தண்ணி?" என்றாய். எல்லோரும் சிரித்தீர்கள். சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினாய்.

"நீ அந்த ஆபீஸ்லதானே கீற. யாருடி எங்க தெருவுக்கு வயலட் அடிச்சது?"

"மேல யாரோ," என்றேன்.

உள்ளே போய் டீ போட்டு வந்தாய்.

அதன் பிறகு மூன்று வருடம். முகம் வீங்கியது, கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் என்றார்கள். ஏன் என்று யாரும் எழுதவில்லை. உனக்கு இருபத்தாறு வயது.

காரியம் முடிந்த மாலை உன் அம்மாவிடம் சொல்லிவிட வாய் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியும்மா. அன்னிக்கே ஒன் நெகத்தப் பாத்துட்டா. நெகக்கண்ணெல்லாம் வயலட்டா கீதாம். கேட்டுட வேண்டிதானேன்னேன். கேட்டா அது அழும்மா, உட்டுடுன்னா. லாரித் தண்ணி ஒரு சொம்புதான் வச்சிருந்தோம். அதுலதான் ஒனக்கு டீ போட்டா."

நீ என்னைக் கேட்ட அந்த வாரம் வேறோர் ஊருக்கு வயலட் அடித்துக்கொண்டிருந்தேன். சாயம் நகத்திலேயே இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. நீ கவனித்திருக்கிறாய்.

எந்த ஊரை அளக்கப் போனாலும் இப்போது என் பையில் மஞ்சள் பொட்டலம் இருக்கிறது. யாராவது ஒரு சொம்பு நீர் தருகிறார்கள். சிவந்தால் குறித்துக்கொள்கிறேன். அந்தக் குறிப்புகள் எந்த வரைபடத்திலும் ஏறியதில்லை.

பழைய வரைபடம் பக்கத்தில் விரிந்து கிடக்கிறது. அதைப் பார்த்து அப்படியே தீட்டச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் உன் தெருவுக்குப் போனேன். வீடுகள் கூடியிருக்கின்றன. உன் பம்பில் நீர் இன்னும் சிவக்கிறது.

கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்திருக்கிறேன். தீட்டினால் மேலே மாற்றச் சொல்வார்கள். வேறு யாராவது மாற்றியும் விடுவார்கள். உங்கள் வாய்க்கால் இதனால் திரும்பப் போவதில்லை. ஆனால் மாற்றுவதற்கு முன் யார் மஞ்சள் அடித்தது என்று கேட்பார்கள்.

அதற்கான பதிலைப் பத்து வருடமாக வைத்திருக்கிறேன்.