சுவருக்கு இந்தப் பக்கம்

என் அருமை வாலுப் பெண்ணுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணிக்கு முட்டிவலி இப்போது தேவலை. அங்கே குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நீ எடுத்த படத்தைப் பார்த்தோம். ஊரில் ஒரே ஒரு தியேட்டர், அதுவும் காலைக் காட்சி. பின்னால் இருந்தவர் இடைவேளைக்கு முன்பே குறட்டை விட்டார். எழுப்பி, நன்றாக முறைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

படத்தில் மாடி வீட்டுப் பையன் சைக்கிள் துடைப்பதை, அச்சு அசல் சின்ன வயசு நீயேயான அந்தப் பெண் ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு பார்க்கிறாள். அவன் போட்டுவிட்டுப் போன அழுக்குத் துணியை எடுத்து ஒளித்து வைக்கிறாள். அடிப்பாவி, அந்தக் கோணல் பல்லனா? எனக்கு ஒரு வார்த்தை தெரியாதே!

ஆனால் வீடு திரும்பியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் தப்பான ஒயரை மாட்டி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

படத்தில் அவளுக்கு அண்ணனே இல்லையே. நான் எங்கே போனேன்?

அப்பா இரவு டூட்டி முடித்து வந்து பகலெல்லாம் தூங்குவார். சேர்ந்தால் சிரிப்போம் என்று உன்னை முன்னறையிலும் என்னை அடுப்படியிலும் உட்கார வைத்துவிட்டுத்தான் அம்மா வேலைக்குப் போவாள். சத்தம் வந்தால் தோலை உரித்துவிடுவேன் என்பாள். கதவு கிறீச்சிடும், அதனால் திறக்கவும் கூடாது. நீ பயமே இல்லாமல் கரண்டிக் காம்பால் நடுச்சுவரைத் தட்டுவாய். படத்திலும் தட்டுகிறாள். சுவரில் காதை வைத்துப் பார்க்கிறாள். பதில் இல்லை. அப்புறம்தான் ஜன்னலுக்குப் போகிறாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் தட்டியபோதெல்லாம் நானும் தட்டினேனே, இப்படியா பொய்யாகப் படம் எடுப்பாள் என்று அண்ணியிடம் கத்தினேன். எப்படித் தட்டினீங்க என்றாள். அவளை முன்னறையில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனேன். அப்பா விழித்துவிடக்கூடாதே என்று அப்போது தட்டிய மாதிரியே விரல் நுனியால் தட்டினேன். அதே வீடு, அதே சுவர்தானே. கொஞ்ச நேரம் கழித்து அவள் எட்டிப் பார்த்து, எப்பதான் தட்டப் போறீங்க என்று கேட்டாள்.

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குக் கேட்கவே இல்லையா, கண்ணு? அத்தனை நாளும் தனியாகவா இருந்தாய்?

இப்போது அப்பா இல்லை. இந்த வீட்டில் பகலில் யாரும் தூங்குவதில்லை. லீவு கிடைத்ததும் வா. வந்து முன்னறையில் உட்கார். பெரிய கரண்டியால் தட்டுகிறேன், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தாலும் வரட்டும்.

நல்லா இரு, தங்கம்.

சுவருக்கு இந்தப் பக்கமே இருந்த,
உன் அண்ணன்