உன் கடிதத்தை நான்தான் படித்தேன்

சேசு மரி சூசை துணை

ஒலக்கூர்,
24-8-86

அன்பு மகள் செசிலிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே அம்மாவும் நானும் சுகம், பிலாயில் நீயும் மாப்பிள்ளை அந்தோணிசாமியும் குழந்தை நிர்மலாவும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். கவரின் மேல் அம்மா கையெழுத்துக்குப் பதிலாக என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குப் பகீரென்றிருக்கும், பயப்படாதே, அம்மா நன்றாக இருக்கிறாள். போன மாதக் கடைசியில் விழுப்புரத்தில் நடந்த கண் முகாமில் அவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள், உனக்கு எழுதினால் கவலைப்படுவாய் என்று அவள்தான் தடுத்துவிட்டாள். ஐந்து நாள் மல்லாந்தே படுத்திருந்தாள், ஆறாம் நாள் பஸ்ஸில் முன் சீட்டுப் பிடித்து மெதுவாகக் கூட்டிவந்தேன். குனியக்கூடாது, அடுப்புப் புகை ஆகாது, கண்ணாடி வரும்வரை எழுதவோ படிக்கவோ கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இடது கண்ணும் மங்கல்தான். அதனால் சமையல், தண்ணீர் இறைப்பது, அவளுக்குத் தலை வாரிவிடுவது எல்லாம் இப்போது என் வேலை. முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிரம்போடு நின்றவனுக்குக் கேப்பைக் களி கிண்டத் தெரியவில்லை, முதல் நாள் கட்டி கட்டியாக வந்தது, அம்மா அதை மோரில் கரைத்துக் குடித்தாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நாங்கள் வீடு வந்த மூன்றாம் நாள் நீ அம்மாவுக்கு எழுதிய கடிதம் வந்தது. அம்மா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம் பாத்துக்கலாம், உள்ள வெச்சிடுங்க என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, என் மகள் கடிதத்தை நான் படிக்கக்கூடாதா என்று பிரித்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். அப்பா வீட்டில் இல்லாதபோது படி என்று முதல் வரியிலேயே நீ எழுதியிருந்தாய். அங்கேயே மடித்து வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. மாப்பிள்ளை எதற்கோ கொஞ்சம் குரல் உயர்த்தினாலே உனக்குக் கை கால் நடுங்குகிறது என்பதைப் படித்தேன். நிர்மலா பாலைக் கொட்டியதற்கு நீ கை ஓங்கியதும் அது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மூலையில் குந்தியதாம், அங்கே குந்தியிருந்தது நான்தான் அம்மா என்று எழுதியிருந்தாய். அப்பா ஜெபத்தில் கூப்பிட்ட கடவுளிடம் போக எனக்குப் பயமாக இருக்கிறது என்பது கடைசி வரி. கடிதத்தை மடித்து அம்மா கையில் கொடுத்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சோறு போட்டுப் படிக்கவைத்து நர்ஸ் ஆக்கியவனுக்கு இதுதானா என்று, உனக்குச் சுடச்சுட எழுத இன்லண்டு கவர்கூட எடுத்துவிட்டேன். அதற்குள் பொழுது சாய்ந்தது, வழக்கம்போல மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட்டேன், அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜெபமாலை நடுவில் தூங்கி விழுந்ததற்காக அதே இடத்தில்தானே உன்னைச் செங்கல் மேல் முட்டி போட வைத்தேன், அப்போது உனக்கு ஏழு வயது. அது நினைவுக்கு வந்ததும் பரலோக மந்திரத்தில் பிதாவே என்ற சொல்லுக்கு மேல் எனக்கு வாய் எழவில்லை. அம்மா மெதுவாக அவள் பேச்சிலேயே ஜெபிக்க ஆரம்பித்தாள். ஆண்டவரே, இவுரு கெட்டவுரு இல்ல, இவுருகிட்ட யாரும் பிரியமா பேசினதில்ல, அதான் இவுருக்கும் பேசத் தெர்ல, இவுரு கோவமா எழுந்து வந்தா எனுக்கு இன்னும் பயமா இருக்குது, எங்க ரெண்டு பேருக்குள்ள நீ வந்து உக்காரு சாமி என்றாள். முப்பது வருஷம் என்னோடு வாழ்ந்தவள் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஊர் நம்மை மதிக்கிறது, வீடும் மதிக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் தனியாகக் கோவிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை, உன் பெயரையும் அம்மா பெயரையும் மட்டும் சொன்னேன், அழுகை வந்துவிட்டது. குரல் எதுவும் கேட்கவில்லை, காட்சியும் இல்லை. ஆனால் செசிலி, அங்கே என்னை யாரும் அதட்டவில்லை. என் அப்பாவிடம் கிடைக்காதது, நான் உனக்குக் கொடுக்காதது, அது அங்கே எனக்காகக் காத்திருந்ததுபோல இருந்தது. அன்றிலிருந்து தினமும் போகிறேன். ரிட்டயர்டு ஆன பிறகு யாராவது வாத்தியாரே என்று கும்பிடாமல் போனால் நாள் முழுக்க எரிச்சலாக இருப்பேன், இப்போது கும்பிட்டாலும் சரி, கும்பிடாவிட்டாலும் சரி, மனசு நிறைந்திருக்கிறது. முழுக்க மாறிவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். போன வாரம் டாக்டர் சொன்னதைக் கேட்காமல் அம்மா குனிந்து பெருக்கினாள், பழையபடி கத்திவிட்டேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, தப்பு என்மேல்தான், மன்னிச்சிடு அமலோற்பவம் என்றேன். அவள் சிரித்துவிட்டு, கண்ணு தெரியாதப்பதானா இத்த சொல்லணும், உங்க மொகத்தப் பாக்க முடிலயே என்றாள்.

உன்னிடமும் அதையேதான் கேட்கிறேன் மகளே. அடித்ததற்கும், செங்கல்லுக்கும், நீ பேச வந்தபோதெல்லாம் வாயை மூடு என்றதற்கும் என்னை மன்னித்துவிடு. உடனே முடியாவிட்டால் மெதுவாக மன்னி, நான் அவசரப்படுத்தமாட்டேன். நான் காட்டிய முகம் ஆண்டவருடைய முகம் இல்லை, அதை மட்டும் நம்பு. முட்டி போட வேண்டாம், துணி துவைத்துக்கொண்டே அம்மாவிடம் பேசுவதுபோல அவரிடம் பேசு, கோபமாக இருந்தால் கோபத்தையும் சொல். உனக்கு நடுக்கம் வருவதை மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு, பாவம், அவருக்கு எப்படித் தெரியும். நிர்மலாவிடம், அம்மா கை ஓங்கியது தப்பு என்று சொல், அஞ்சு வயதுக் குழந்தைக்கும் அது புரியும்.

கழனியில் மல்லாட்டை பிடுங்கியாகிவிட்டது, விளைச்சல் சுமார்தான், காயவைத்து உடைத்துக் கடலையாக ஒரு பார்சல் அனுப்புகிறேன். இதற்கு மேலே ஒரு வரியை அடித்திருப்பதைப் பார்த்து என்னவோ என்று நினைக்காதே. கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் வந்தே தீர வேண்டும் என்று எழுதிவிட்டு, முழுக் கடிதத்தையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாத்தையும் நல்லா எழுதிக்கினு வந்து இங்க மறுபடியும் ஹெட்மாஸ்டர் ஆயிட்டீங்களே என்றாள். அதனால்தான் அடித்தேன். உனக்கு வர மனசு வரும்போது வா அம்மா. வராவிட்டாலும் நீ என் மகள்தான்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. டியூட்டிக்குப் போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அப்பா
இருதயராஜ்